கந்தகம் போட்ட பூட்டு



போன வாரம் பாடசாலையில் டெங்கு சிரமதானம். மதிலோரம் கிடந்த பழைய டயரைப் புரட்டினால், தேங்கிய தண்ணீர் முழுக்க நுளம்புக் குடம்பிகள். "எரிச்சிட்டா முடிஞ்சிது சேர்" என்றான் ஒருவன். பக்கத்தில் நின்றவன் கேட்டான்: "பிளாஸ்டிக் போத்தல உருக்குற மாதிரி இதையும் உருக்கி வேற ஒன்டு செய்ய ஏலாதா சேர்?"

ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. அதற்குப் பின்னால் 180 வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

பச்சை இறப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், கடுங்குளிரில் விறைத்துவிடும். 1839இல் அமெரிக்காவின் சார்ல்ஸ் குட்இயர், இறப்பருடன் கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால் இந்த இரண்டு குறையும் நீங்குவதைக் கண்டார். இறப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கு இடையில் கந்தகம் பாலம் போட்டு அவற்றைப் பூட்டிவிடுகிறது. பிள்ளைகள் படிக்கும் 'வல்கனைசுப்படுத்தல்' இதுதான். உலகத்தையே சக்கரத்தில் ஓடவைத்த அந்த மனிதர் 1860இல் கடனாளியாகவே இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய டயர் கம்பனியை 1898இல் தொடங்கியவர்கள் வேறு ஆட்கள்.

அதே 1860இல் இங்கிலாந்தில் கிரெவில் வில்லியம்ஸ் இறப்பரைச் சூடாக்கி, ஆவியை வடித்தெடுத்து, அதிலிருந்து ஒரு திரவத்தைப் பிரித்தார். ஐசோப்பிரீன் என்று பெயர் வைத்தார். மூலக்கூறு ஒன்றில் 5 காபன், 8 ஐதரசன். 1879இல் பிரான்ஸின் பூஷார்தா அந்த ஐசோப்பிரீனிலிருந்து இறப்பர் போன்ற பொருளைத் திரும்பவும் உண்டாக்கினார். இறப்பரைப் பிரிக்கலாம், சேர்க்கலாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் கந்தகம் பூட்டிய டயர் அவ்வளவு இலகுவாக மசியவில்லை. 1899இல் ஆர்தர் மார்க்ஸ் பழைய இறப்பரைக் காரக் கரைசலில் வேகவைத்து மென்மையாக்கும் முறையைக் கொண்டுவந்தார். அப்படிக் கிடைத்தது புதியதைவிடத் தரம் குறைந்த இறப்பர்தான்.

இந்தக் கதையில் நமது நாட்டுக்கும் இடமுண்டு. 1876இல் பிரேசில் விதையில் முளைத்த கன்றுகள் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்தன. 1942இல் மலாயா ஜப்பானிடம் விழுந்தபோது நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இயற்கை இறப்பர் மூலம் இலங்கை. அந்த வருடம் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பழைய டயர், தண்ணீர்க் குழாய், மழைக் கோட்டு எல்லாவற்றையும் பெற்றோல் நிலையங்களில் கொடுக்கச் சொன்னார். இறாத்தலுக்கு ஒரு சதம் விலை. பழைய டயருக்கு மதிப்பிருந்த காலம் அது.

போர் முடிந்தது. பெற்றோலியத்திலிருந்து செய்யும் செயற்கை இறப்பர் மலிவாகக் கிடைத்தது. பழைய டயர்கள் மலையாகக் குவிந்தன. 1990 பெப்ரவரியில் கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் ஒரு கோடிக்கும் அதிகமான டயர்கள் இருந்த குவியலில் தீப்பிடித்து 17 நாட்கள் எரிந்தது. வானத்தில் கரும்புகை, நிலத்துக்குள் உருகி வழிந்த எண்ணெய்.

அந்த எண்ணெயில்தான் பாடம் இருக்கிறது. காற்றுப் புகாத கலத்தில் டயரைச் சூடாக்கினாலும் எண்ணெய் கிடைக்கும், கூடவே வாயுவும் கரியும் உருக்குக் கம்பியும். அந்த எண்ணெயில் தோடம்பழத் தோலில் உள்ள லிமோனீனும் இருக்கிறது. இரண்டு ஐசோப்பிரீன் சேர்ந்தால் லிமோனீன். திறந்தவெளியில் எரித்தால் நஞ்சு, மூடிய கலத்தில் முறையாகப் பிரித்தால் மூலப்பொருள்.

ஆனால் வெறும் சூட்டில் கிடைப்பது நூற்றுக்கணக்கான பொருட்களின் கலவை. அதை ஒழுங்குபடுத்தத்தான் ஊக்கி வேண்டும். சியோலைட்டு ஊக்கிகள் ஆவியை பென்சீன், தொலுவீன் பக்கம் திருப்புகின்றன. இன்னொரு வகை ஊக்கி, கடும் வெப்பம் இல்லாமலே, இறப்பர்ச் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளைக் குறிபார்த்து வெட்டி வேறு விதமாக இணைக்கிறது. அந்தத் தாக்கத்துக்காகத்தான் ஷோவன், கிரப்ஸ், ஷ்ரொக் மூவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு ஏன் இன்னும் எல்லா டயரும் இப்படிப் போகவில்லை? ருதேனியம் போன்ற உலோகம் விலை கூடியது. டயருக்குள் இருப்பதும் இறப்பர் மட்டுமல்ல. கரி, துத்தநாகம், கம்பி, எண்ணெய் எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கந்தகம். அது பல உலோக ஊக்கிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கிவிடும். டயரை உறுதியாக்கிய அதே பொருள்தான் டயரைத் திரும்பப் பிரிக்கவும் விடாமல் நிற்கிறது.

ஆகவே மகனே, உருக்க ஏலாது. அந்தப் பூட்டு விடாது. ஆனால் பிரிக்க ஏலும். அதை மலிவாகச் செய்யும் வழியை இன்னும் தேடுகிறார்கள். நாளை தேடுபவர்களில் நீயும் ஒருவனாக இருக்கலாம்.

அதுவரைக்கும் ஊராருக்கு ஒரு வேண்டுகோள். டயரை எரிக்காதீர்கள், அந்தப் புகையைச் சுவாசிப்பது நமது பிள்ளைகள்தான். மழை படாத இடத்தில் வையுங்கள். தோட்டத்தில் வைப்பதென்றால் அடியில் நன்றாகத் துளை போடுங்கள், தண்ணீர் தேங்காது. அன்று நாங்கள் புரட்டிய டயரிலும் துளை போட்டு மண் நிரப்பினோம். இப்போது அதில் கத்தரிக் கன்று நிற்கிறது.