உளவுப் படத்தில் கிடைத்த பனிக் கணக்கு

பிழைப்புக்காக டேராடூன் வந்ததிலிருந்து இமயமலைப் பனியாறுகள் மேல் எனக்கொரு கிறுக்கு. பனியாறு என்றால் சும்மா கிடக்கும் ஐஸ் கட்டி என்று நினைத்துவிடாதீர்கள். தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழே நகர்ந்துகொண்டிருக்கும் ஆறு அது.

சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரியில், 1935-லேயே புவியியல் ஆய்வுத் துறையின் ஜே.பி. ஆடன் நேரில் போய் கோமுகத்தை வரைபடமாக்கினார். ஆனால் ஆயிரக்கணக்கான பனியாறுகளுக்கும் ஆள் ஏறிப்போய் அளக்க முடியுமா? பழைய அளவு இல்லாமல் இன்றைய நஷ்டம் எப்படித் தெரியும்? எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், தொடக்க இருப்பே இல்லாத கணக்கு!

அது கடைசியில் கிடைத்த இடம்தான் வேடிக்கை. அமெரிக்க உளவுத் துறையின் பெட்டி!

பனிப்போர் காலத்தில் கொரோனா என்றொரு உளவுத் திட்டம் (நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை). 1960 ஆகஸ்டில், விண்ணிலிருந்து பாராசூட்டில் இறங்கிய அதன் ஃபிலிம் சுருளை ஒரு விமானம் நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடித்தது. 1971-ல் ஹெக்ஸகன் வந்தது. தேடியது ஏவுகணைத் தளங்களை. கூடவே இமயப் பனியும் பதிவாகிவிட்டது. கொரோனா படங்களை 1995-லும், ஹெக்ஸகனின் நிலப்படக் கேமரா படங்களை 2002-லும் வெளியே விட்டார்கள். 1972 முதல் படமெடுக்கும் லேண்ட்சாட் 2008-ல் இலவசமானது.

ஒரே இடத்தின் இரண்டு தேதிப் படங்களில் அதே பிளவு எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று கணினி பார்த்தால் வேகம் கிடைத்துவிடும். இரண்டு பனியாறுகள் சேருமிடத்தில், ஓரத்துக் கல்லும் மண்ணும் ஒன்றாகி நடுவே கறுப்புக் கோடாக ஓடுவதும் மேலிருந்து தெரியும். ஒருகாலத்தில் கங்கோத்ரியோடு கலந்த சதுரங்கி இன்று பிரிந்து நிற்கிறது.

2019-ல் வந்த ஓர் ஆய்வு, ஸ்பிதி லாகூல் முதல் பூடான் வரை 650 பனியாறுகளில் ஹெக்ஸகன் படங்களைப் புதிய படங்களோடு ஒப்பிட்டது. நீராக்கிக் கணக்கிட்டால், 1975-2000-ல் ஆண்டுக்குச் சராசரி 22 செ.மீ. இழப்பு, 2000-2016-ல் 43 செ.மீ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அதே ஆண்டு வந்த இன்னொரு லேண்ட்சாட் ஆய்வு, பனி மெலிந்து எடை குறையக் குறைய பல பனியாறுகளின் ஓட்டமும் தளர்வதாகக் காட்டியது.

எதிரியை வேவு பார்க்க எடுத்த ஃபிலிமை வேலை முடிந்ததும் குப்பையில் போட்டிருந்தால் இந்தக் கணக்கே நமக்குக் கிடைத்திருக்காது. பழைய ஃபைலைக் கட்டிவைத்துக் காப்பவர்களைக் கண்டு இனிமேல் சிரிக்காதீர்கள் மக்களே!