அதிபர் பெயர், யார் கை?

அமெரிக்க அதிபர்கள் பதவியிலிருந்தபோது கையெழுத்திட்ட ஆவணங்களில் மிக அரிதானவை வில்லியம் ஹென்றி ஹாரிசனுடையவை. 1841 மார்ச் 4-இல் பதவியேற்றார், ஏப்ரல் 4-இல் காலமானார். ஒரு மாதத்தில் எத்தனை தாளில் கையெழுத்துப் போட முடியும்?

கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு நிலப் பட்டாக்களின் கதைதான் சுவை. அரசு நிலம் வாங்கியவருக்குத் தரும் பட்டாவில் அதிபரே கையெழுத்திட வேண்டும். ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் அவை மலைபோல் குவிந்தன. 1833 மார்ச்சில் சட்டம் வந்தது: அதிபரின் பெயரைச் செயலரே எழுதலாம். (நம் ஆபீஸ்களில் 'ஃபார்' போடுவோமே, அதேதான்.) அதன் பிறகு வந்த பட்டாவில் ஜாக்சன் பெயர் இருந்தாலும் கை அவருடையதல்ல, கீழே செயலரின் பெயர் இருக்கும். முப்பாட்டன் பட்டாவைப் பொக்கிஷமாகப் பூட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் அந்தக் கடைசி வரியைப் பார்ப்பது நல்லது.

கப்பல் தாள்கள் வேறு ரகம். பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம், டச்சு என நான்கு மொழிகளில் அச்சிட்டவை. பிரெஞ்சு வழியில் படித்தவன், அந்தப் பத்தியில்தான் என் கண் முதலில் போகும். அங்கே அதிபரின் சொந்தக் கையெழுத்துதான். ஆனால் வெற்றுப் படிவத்தில்! கப்பல் பெயரையும் தேதியையும் துறைமுகச் சுங்க அலுவலர் பிறகு நிரப்புவார். எங்கள் தணிக்கைக்காரர் பார்த்திருந்தால் அதிபருக்கே மெமோ கொடுத்திருப்பார்.