பொக்லைன் கதவு பீடிங்கும் நுரையீரலும்: ஒரு சின்ன வரலாறு

கதவு பீடிங் பத்தி எழுத ஒரு டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான்.

2016-ல அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, கட்டுமான வேலைகளுக்காக சிலிக்கா தூசு பற்றிய விதி ஒன்றை வெளியிட்டது. கனரக எந்திரத்தை ஓட்டுகிற ஆளை மூடிய கேபினை வைத்துத்தான் காப்பாத்தப் போறீங்கன்னா, அந்தக் கேபின் எப்படி இருக்கணும்னு அதுல ஒரு பட்டியல் இருக்கு. கதவு சீல்களும் கதவு மூடும் அமைப்பும் ஒழுங்கா வேலை செய்யணும், கேஸ்கெட்டுகள் நல்ல நிலையில இருக்கணும்னு அதுல தெளிவா எழுதியிருக்காங்க.

நுரையீரல் நோயைத் தடுக்கிற சட்டத்துக்குள்ள ஒரு ரப்பர் பட்டை. அது அங்க எப்படி வந்து சேர்ந்துச்சுங்கிறதுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல நோயைப் பத்தி ரெண்டு வார்த்தை. பாறையை உடைக்கும்போதோ துளைக்கும்போதோ பறக்கிற தூசுல கண்ணுக்குத் தெரியறது பெரிய துகள்கள். அதை மூக்கும் தொண்டையும் பிடிச்சிடும், தும்மலோ சளியோ வெளியே தள்ளிடும். ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத 4, 5 மைக்ரானுக்குக் குறைவான துகள்கள்ல. நம்ம தலைமுடியோட தடிமனே சுமார் 70 மைக்ரான்னா பார்த்துக்கோங்க. அவ்வளவு சின்னது நேரா நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரைக்கும் போயிடும். அங்க இருக்கிற காவல்கார செல் அதை விழுங்கும். கிருமியா இருந்தா செரிச்சிடும். சிலிக்காவை செரிக்க முடியாது. அந்த செல் செத்து, துகள் மறுபடி வெளியே வரும். அடுத்த செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். இந்த சண்டை நடக்கிற இடமெல்லாம் தழும்பாகி நுரையீரல் இறுகிப்போறதுதான் சிலிகோசிஸ்.

வேலையை விட்டுட்டாலும் இது நிற்காம முன்னேறலாம். குணமாக்கும் மருந்து இன்னைக்கு வரைக்கும் கிடையாது. நாங்க ஆக்சிஜன் கொடுப்போம், தொற்று வந்தா பார்ப்போம், மிகச் சிலருக்கு நுரையீரல் மாற்று சிகிச்சை. அவ்வளவுதான். அதனால, ஆள் எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி தூசை யார் தடுக்கிறாங்கங்கிறதுதான் இந்த நோயில பெரிய விஷயம். 1700-லயே இத்தாலிய மருத்துவர் ராமசீனி, தொழில் நோய்கள் பற்றிய தன் புத்தகத்தில் கல் உடைப்பவர்களின் நுரையீரலில் மணல் இருந்ததைப் பதிவு செஞ்சிட்டார். டாக்டர்களுக்குத் தெரியும். தடுக்கிற கருவி டாக்டர்கள் கையில இல்லை.

இப்ப 1839-க்கு வாங்க. அந்த வருஷம் அமெரிக்காவில் ரெண்டு விஷயம் நடந்துச்சு. வில்லியம் ஓட்டிஸ்ங்கிற இளைஞர் நீராவியில் மண் அள்ளும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு நம்ம ஊர்ல பொக்லைன், ஹிட்டாச்சின்னு கூப்பிடுற எல்லாத்துக்கும் அதுதான் கொள்ளுத்தாத்தா. பாவம், அதே வருஷம் 26 வயசுல டைபாய்டு வந்து இறந்துட்டார். இன்னொரு பக்கம் சார்லஸ் குட்இயர், ரப்பரோட கந்தகத்தைச் சேர்த்து சூடாக்கினா அது வெயில்ல உருகாம, குளிர்ல விறைக்காம இருக்கும்னு கண்டுபிடிச்சார். அமுக்கினா அமுங்கி, விட்டா பழைய வடிவத்துக்கே எழும்புற ரப்பர். கதவு பீடிங்குக்கு வேண்டிய குணம் அதுதானே.

ஆக, எந்திரமும் ரப்பரும் ஒரே வருஷத்துல ரெடி. ரெண்டும் ஒரு கேபின் கதவுல சந்திக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நீராவி எந்திரங்கள் பலதுலயும் ஆபரேட்டருக்கு இறுக்கமா மூடின கேபின் கிடையாது. மழை, வெயில் அவரைத் தொட்டாக்கூட எந்திரம் ஓடுமே, அப்புறம் எதுக்கு கதவு!

அடுத்த வருஷம் 1930. மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட்ங்கிற இடத்தில், மின் உற்பத்திக்கு ஆற்றுநீரைத் திருப்ப மலையைக் குடைஞ்சு சுமார் 3 மைல் நீளத்துக்கு சுரங்கப்பாதை. யூனியன் கார்பைடு நிறுவனத்துக்கான திட்டம், ஒப்பந்தக்காரர் மூலமா வேலை. பாறையில் சிலிக்கா மிக அதிகம். தண்ணீர் விட்டுத் துளைச்சா தூசு அடங்கும்னு அப்பவே தெரியும், ஆனா வேலை வேகமா நடக்கணும்னு உலர்வாகவே துளைச்சாங்க. தொழிலாளர்களில் பெரும்பகுதி தெற்கிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினத்தவர். சிலிகோசிஸ் வழக்கமா பத்து இருபது வருஷத்துல வர்ற நோய். இங்க சில மாதங்கள்லயே ஆட்கள் மூச்சுத் திணறி சாக ஆரம்பிச்சாங்க.

எத்தனை பேர் இறந்தாங்க? ஒப்புக்கொள்ளப்பட்டது 109. 1936-ல அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் வந்த எண் 476. 1980-களில் மார்ட்டின் செர்னியாக்ங்கிற மருத்துவர் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்து கணக்கிட்டது 764. செத்தவங்களை எண்ணுறதுக்கே அரை நூற்றாண்டு ஆச்சுன்னா, உயிரோட இருந்தவங்களைப் பத்தி எவ்வளவு அக்கறை இருந்திருக்கும்னு நீங்களே யோசிங்க.

அதே 1930-ல டியூபான்ட் ஆய்வகத்தில் நியோப்ரீன் பிறந்துச்சு. எண்ணெய் பட்டாலும் சீக்கிரம் கெடாத செயற்கை ரப்பர். மறுபடியும் பொருள் ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம்.

சரி, கேபின் எப்ப வந்துச்சு? விவசாய டிராக்டர் வழியா வந்துச்சு. 1938-ல மின்னியாபோலிஸ்-மோலின் நிறுவனம் கதவு, ஹீட்டர், ரேடியோவோட மூடிய கேபின் டிராக்டர் ஒண்ணு விட்டாங்க. சுமார் 150 வண்டிதான் தயாராச்சு. விலை அதிகம், உழுறவனுக்கு எதுக்கு இந்த சொகுசுங்கிற மனநிலை வேற. 1959-ல ஸ்வீடன், புது டிராக்டர்களில் கவிழ்ந்தா ஆள் நசுங்காம இருக்க இரும்புச் சட்டம் கட்டாயம்னு சொன்னது. நாலு பக்கம் தூண் நின்னாச்சுன்னா கண்ணாடியும் கதவும் மாட்டுறது சுலபம்.

ஆனா ஆரம்ப காலக் கேபின்கள் பலதும் தகரப் பெட்டிகள். உள்ளே உக்காந்தா வெளியே இருக்கிறதைவிட சத்தம் அதிகம். மேளத்துக்குள்ள உக்காந்த மாதிரி. காது கேட்காம போன ஆபரேட்டர்கள் கூட்டம் கூட்டமா இருந்தாங்க. அப்பதான் எஞ்சினியர்கள் இடைவெளியை கவனிக்க ஆரம்பிச்சாங்க. ஒலியியலில் ஒரு எளிய கணக்கு இருக்கு: சுவர் எவ்வளவு தடிமனா இருந்தாலும் சரி, அதன் பரப்பில் 1 சதவீதம் ஓட்டை இருந்தா 20 டெசிபலுக்கு மேல சத்தம் குறையாது. மீதி இரும்பு, பஞ்சு, கண்ணாடி எல்லாம் வீண் செலவு.

1972-ல ஜான் டீர் நிறுவனம் சவுண்ட்-கார்ட் கேபினைக் கொண்டு வந்தது. பேரைப் பாருங்க, சத்தத்துக்குத்தான் காவல். ரப்பர் தாங்கிகள் மேல உக்காந்த கேபின், இறுக்கமா மூடுற கதவு, வடிகட்டின காத்தை உள்ளே தள்ளும் விசிறி. காதுக்காகவும் சொகுசுக்காகவும் செஞ்ச கதவு, கூடவே நுரையீரலையும் காப்பாத்துச்சு. மருத்துவத் துறை கேட்டு வந்த மாற்றம்னு நான் பெருமையா சொல்லிக்க முடியாது. விற்பனைத் துறை கொண்டு வந்தது.

பாறை துளைக்கிற எந்திரங்களுக்கு இது மெதுவாத்தான் போய்ச் சேர்ந்துச்சு. 1992-ல அமெரிக்க தொழில் நலன் ஆய்வு நிறுவனமான நியோஷ், பாறைத் துளைப்பவர்கள் பற்றி ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. 23 பேருக்கு சிலிகோசிஸ், அதில் 2 பேர் ஏற்கனவே இறந்திருந்தாங்க. ஹாக்ஸ் நெஸ்ட் நடந்து அறுபது வருஷம் கழிச்சு, அதே நாட்டில்.

அப்புறம் நியோஷ் எஞ்சினியர்கள் சுரங்கங்களுக்கே போய் பழைய கேபின்களைச் சரி பண்ணி, உள்ளேயும் வெளியேயும் தூசை அளந்தாங்க. அவங்க கண்டுபிடிச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அழுத்தக் கணக்கு. கேபினுக்குள்ள காத்தழுத்தம் வெளியைவிட கொஞ்சம் அதிகமா இருந்தா, எங்கே சந்து இருந்தாலும் காத்து உள்ளிருந்து வெளியேதான் போகும். தூசு எதிர்நீச்சல் போட்டு உள்ளே வராது. ஆபரேஷன் தியேட்டர்ல நாங்க செய்யுறதும் இதுதான். டிபி நோயாளியோட தனி அறையில இதையே தலைகீழா செய்வோம்.

எவ்வளவு அழுத்தம் வேணும்? சுமார் 12-லிருந்து 62 பாஸ்கல். உங்க பிபி 120-னு சொல்றோமே, அது பாதரச மி.மீ. கணக்கு. அதில் ஒரே ஒரு மி.மீ. 133 பாஸ்கல். அதாவது, ஒரு மி.மீ.-ல பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள்ள. இவ்வளவு சின்ன எண் எதுக்குன்னா, வெளியே அடிக்கிற காத்தோட போட்டி போட. 12 பாஸ்கல்ங்கிறது மணிக்கு சுமார் 16 கி.மீ. வேகக் காத்து கொடுக்கிற அழுத்தம். 62-ன்னா சுமார் 36 கி.மீ. வேகம். இதைவிட பலமா காத்து அடிச்சா சந்து வழியா தூசு உள்ளே வந்துடும்.

இங்கதான் பீடிங் வருது. கேபின் கதவோட சுற்றளவு தோராயமா 5 மீட்டர்னு வைங்க. சுற்றி வர 1 மி.மீ. இடைவெளி இருந்தா மொத்தம் 50 சதுர செ.மீ. அதாவது கதவுல 7 செ.மீ.-க்கு 7 செ.மீ. சதுர ஓட்டை போட்ட மாதிரி. சின்ன விசிறி தள்ளுற காத்து மொத்தமும் அது வழியா போயிடும், அழுத்தமே ஏறாது.

அப்ப கெட்டியான ரப்பரா வெச்சு இறுக்கிடலாமேன்னு தோணும். முடியாது. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை திறந்து மூடுற கதவு. தோளால இடிச்சு மூடணும்னா ஆபரேட்டர் அதைத் திறந்தே போட்டுடுவார். அதனாலதான் பீடிங் உள்ளே குழாய் மாதிரி வெற்றிடத்தோட, இல்லேன்னா மூடிய நுண்ணறைகள் கொண்ட ஸ்பாஞ்சா இருக்கும். எந்திரம் குலுங்கும், சட்டம் முறுக்கும், கீல் தளர்ந்து கதவு ஒரு பக்கம் தொங்கும். மேலே 3 மி.மீ., கீழே 8 மி.மீ. சந்து இருந்தாலும் ரெண்டையும் ஒரே பீடிங் நிரப்பணும். மூலையில மடக்கினா குழாய் மடிஞ்சு சப்பையாகிடும், அதனால மூலைக்குத் தனியா அச்சில் வார்த்து ஒட்டுவாங்க. கீழ்ப் பக்கம் பூட்ஸ் மிதிபடும், சேறு அப்பும். முதல்ல போறது அதுதான்.

பொருள் என்னன்னா, இன்னைக்குப் பெரும்பாலும் 1960-களில் சந்தைக்கு வந்த ஈபிடிஎம் ரப்பர். இயற்கை ரப்பர் வெயில்லயும் ஓசோன்லயும் வெடிச்சிடும், இது தாங்கும். ஆனா டீசல், கிரீஸ் பட்டா ஊதிப்போகும். டீசல் துணியால கேபின் கதவைத் துடைக்கிற அண்ணன்மார்கள் தயவுசெய்து கவனிக்கவும்! இன்னொரு எதிரி, ரப்பரோட மறதி. வருஷக்கணக்கா அமுங்கியே இருந்தா, விட்டாலும் எழும்பாது. இதைச் சோதிக்க ரப்பரை 25 சதவீதம் அமுக்கி, சூட்டில் குறிப்பிட்ட நேரம் வெச்சு, எவ்வளவு எழும்பலைன்னு அளப்பாங்க. பார்க்க முழுசா இருக்கும் பீடிங்கூட அடைக்காம போறது இதனாலதான்.

இவ்வளவும் செஞ்சு, கதவைத் திறந்தா? நியோஷ் ஆட்கள் அதையும் அளந்தாங்க. துளைக்கிறப்போ புது கம்பி மாட்ட ஆபரேட்டர் கதவைக் கொஞ்ச நேரம் திறப்பார். மூடியிருந்தப்போ உள்ளே சுவாசத் தூசு கன மீட்டருக்கு 0.09 மில்லிகிராம், திறந்தப்போ 0.81. ஒன்பது மடங்கு. இன்னொண்ணு, தரையோரம் இருந்த ஹீட்டர் விசிறி பூட்ஸ் மண்ணை ஊதி ஊதி மூச்சுக்கே அனுப்பிட்டிருந்துச்சு. 2016 விதியில் கேபினுக்குள்ள படிஞ்ச தூசைச் சுத்தம் செய்யணும், அழுத்தம் வேணும், நல்ல ஃபில்டர் வேணும்னு எல்லாம் சேர்ந்தே வந்ததுக்குக் காரணம் இந்த மாதிரி அளவுகள்தான். அதே பட்டியலில் சூடாக்கவும் குளிர்விக்கவும் வசதி வேணும்னு ஒரு வரி இருக்கு. அதை ஆடம்பரம்னு நினைச்சிடாதீங்க. ஏசி இல்லாத கேபினை மே மாசம் யாரும் மூடி வெச்சு ஓட்ட முடியாது.

நம்ம ஊர்ல ஜேசிபி கதவைக் கயிறு போட்டுக் கட்டி, திறந்தபடியே ஓட்டுறதைப் பார்த்திருப்பீங்க. அந்த ஆபரேட்டரைத் திட்டாதீங்க, உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரி கேபின்களுக்கு இந்தியாவில் ஏசி கட்டாயமாகியிருக்கு. மண் அள்ளும் எந்திரங்கள் அந்த வகையில வராது. அதுக்கும் வரணும்ங்கிறது என் கருத்து.

குவாரி, கிரஷர், ரோடு வேலையில வண்டி வெச்சிருக்கிறவங்க இன்னைக்கே செய்யக்கூடியது: ஒரு தாளைக் கதவு ஓரத்துல வெச்சு மூடி இழுங்க. தடையில்லாம உருவிட்டு வந்தா அந்த இடத்துல பீடிங் போச்சு. ராத்திரி உள்ளே டார்ச் அடிச்சு வெளியே நின்னு பாருங்க, வெளிச்சம் கசியுற இடமெல்லாம் தூசுக்கும் வழி. உள்பக்கம் சட்டத்துல கோடு கோடா தூசு படிஞ்சிருந்தாலும் அதே அர்த்தம்தான்.

அப்புறம் ஓட்டுற அண்ணன்களுக்கு ஒண்ணு. நாள்பட்ட இருமல், மூச்சு வாங்கல்னு டாக்டர்கிட்ட போனா, என்ன வேலை, எத்தனை வருஷமா, கேபின் மூடினதா திறந்ததான்னு அவர் கேட்காட்டியும் நீங்களே சொல்லுங்க. சிலிகோசிஸ் எக்ஸ்ரேயில பல நேரம் டிபி மாதிரியே தெரியும். சிலிகோசிஸ் இருக்கிறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பும் அதிகம், அதனால ரெண்டையும் பார்க்கணும். நம்ம சட்டப்படி இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய். ஓ.பி. சீட்டுல தொழில்னு ஒரு இடம் இருக்கும், அதுல கூலின்னு மட்டும் எழுத விடாதீங்க. பாறை துளைக்கிற வண்டி, 12 வருஷம்னு எழுதச் சொல்லுங்க.