கடைசிச் செக்கனின் வரலாறு

பிழை செய்தவருக்கு அந்தப் பிழையாலேயே லாபம் கிடைத்தால் அதைத் தண்டனை எண்டு சொல்லலாமா? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலின் விதிகள் எப்படி மாறின என்று தேடிப் பார்த்தபோது நாங்கள் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்தக் கேள்வியில்தான்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 15 நிமிடப்படி நான்கு பகுதிகள், மொத்தம் 60 நிமிடம். கடிகாரம் விட்டுவிட்டுத்தான் ஓடும். எறிந்த பந்து பிடிபடாமல் விழுந்தால் நிற்கும், நடுவர் பிழையை அறிவித்தாலும் நிற்கும். தண்டனை வழமையாகத் தூரத்தில்தான்: பிழை விட்ட அணிக்குப் பாதகமாகப் பந்தை 5, 10 அல்லது 15 யார் நகர்த்துவார்கள். ஆனால் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் 5 யாரைவிட ஒரு செக்கன்தான் பெறுமதி. ஓட்டை அங்கேதான் இருந்தது.

2006இல் ஆட்டத்தின் நீளத்தைக் குறைக்க, கிக்ஓஃப் உதைத்த கணத்திலேயே கடிகாரம் ஓடத் தொடங்கும் என்று விதி கொண்டுவந்தார்கள். அந்த நவம்பரில் பென் ஸ்டேட் அணிக்கு எதிராக முதற்பாதி முடியும் தறுவாயில், விஸ்கொன்சின் பயிற்றுநர் பிரெட் பீலமா தன் வீரர்களை வேண்டுமென்றே ஓஃப்சைட் போகவைத்தார். தண்டனையோடு திரும்ப உதைக்க வேண்டும். ஆனால் போன செக்கன்கள் போனதுதான். எதிரணிப் பயிற்றுநர் ஜோ பட்டேர்னோ நடுவர்களிடம் கொதித்தார். பீலமா விதியை மீறி ஒன்றும் பெறவில்லை, விதி தந்ததைத்தான் எடுத்தார். அடுத்த வருசமே அந்த விதி போய்விட்டது.

பெரிய பாடம் 2010 டிசம்பர் 30இல் நாஷ்விலில், மியூசிக் சிற்றி போல் ஆட்டத்தில் வந்தது. டென்னசி 20, நோர்த் கரோலைனா 17. நோர்த் கரோலைனாவிடம் டைம்அவுட் ஒன்றும் மிச்சமில்லை, கடிகாரமோ ஓடுகிறது. உதைக்கும் வீரர்கள் அவசரமாக உள்ளே ஓடிவர, ஏற்கெனவே நின்றவர்களில் சிலர் வெளியேறவில்லை. அந்தக் குழப்பத்துக்குள்ளேயே பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார்கள். ஆட்டம் முடிந்தது என்று நடுவர் அறிவிக்க, டென்னசி கொண்டாடத் தொடங்கிவிட்டது. பிறகு வீடியோவைப் பார்த்து ஒரு செக்கனைத் திருப்பிக் கொடுத்தார்கள். அளவுக்கு மிஞ்சிய ஆட்கள் நின்றதற்குத் தண்டனை 5 யார், அவ்வளவுதான். அந்த ஒரு செக்கனில் ஃபீல்ட் கோல் அடித்துச் சமன் செய்த நோர்த் கரோலைனா, மேலதிக நேரத்தில் 30–27 என்று வென்றது.

தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் இப்படியான பிழைக்கு 10 செக்கன் கழிக்கும் விதி அப்போதே இருந்தது. 2011இல் கல்லூரி ஆட்டத்துக்கும் அது வந்தது: அப்போதைய விதிப்படி பாதியின் கடைசி நிமிடத்தில், ஓடும் கடிகாரத்தை ஒரு பிழை நிறுத்தினால், எதிரணி கேட்டு 10 செக்கனைக் கழிக்கலாம். பிழை விட்ட அணியிடம் டைம்அவுட் இருந்தால் அதைச் செலவழித்துத் தப்பலாம்.

இதில் எங்களுக்கு விளங்குவது ஒன்று. எதை இழந்தால் உண்மையில் வலிக்குமோ, அதிலே கைவைக்காத தண்டனை வெறும் விலைதான். கட்டக்கூடியவர் கட்டிவிட்டுப் போவார். விதி எழுதியவர்கள் அதைப் பிந்தித்தான் கண்டார்கள். விதி திருந்தியது. ஆனால் வென்றுவிட்டோம் என்று மைதானத்தில் துள்ளிய எங்கள் வயதுப் பெடியளுக்கு அந்த இரவு திரும்பக் கிடைக்கவில்லை.