முதுகின் சாட்சி

சென்ற மாதம் ஒரு நாள் காலை, குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கப் போனேன். முதுகு பிடித்துக்கொண்டது. நாலு நாள் படுக்கை. முதல் நாள் வீட்டில் எல்லோருக்கும் இரக்கம்; இரண்டாம் நாள் கஷாயம்; மூன்றாம் நாள், "வெளியில் ஒன்றும் தெரியவில்லையே!" என்ற பார்வை. காலில் கட்டுப் போட்டவனுக்குக் கிடைக்கிற மரியாதை முதுகு வலிக்காரனுக்குக் கிடைப்பதில்லை.

படுத்தபடியே சில பழைய தீர்ப்புகளைப் படித்தேன். அமெரிக்க நாட்டுச் சிப்பாய்கள், பட்டாளத்தில் கெட்டுப்போன முதுகுக்காக உபகாரச் சம்பளம் கேட்டுத் தங்கள் சொந்தச் சர்க்காருடன் நடத்திய வழக்குகள் அவை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அவற்றில் கதைக்குக் குறைவில்லை.

நம் முன்னோர் மார்பில் பட்டதை விழுப்புண் என்று கொண்டாடினார்கள். முதுகில் பட்டதைப் புறப்புண் என்று நாணினார்கள். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் புறப்புண் பெற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் அந்த நாணம் தாங்காமல் வடக்கிருந்து உயிர் விட்டான். அவனுக்காவது புண் கண்ணுக்குத் தெரிந்தது. இக்காலச் சிப்பாயின் முதுகு பாரம் தூக்கிக் கெடுகிறது. வண்டியின் குலுக்கலில் கெடுகிறது. தழும்பு இல்லை, ஆகவே அவமானமும் இல்லை. ஆனால் நம்புவதற்கு ஆளும் இல்லை!

அமெரிக்கர் சுதந்திரப் பிரகடனம் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1776 ஆகஸ்டு 26-ஆம் தேதியே, யுத்தத்தில் அங்கம் இழந்தவனுக்கும் பிழைப்புக்கு வழியில்லாமல் ஊனமுற்றவனுக்கும் பாதிச் சம்பளம் தருவதாக அவர்கள் காங்கிரஸ் வாக்களித்தது. வாக்களிப்பது சுலபம், யார் ஊனமுற்றவன் என்று தீர்மானிப்பது யார்? 1792-இல் வந்த சட்டம் அந்த வேலையை நீதிபதிகளிடம் கொடுத்தது. கூடவே, அவர்கள் முடிவை யுத்த மந்திரி நிறுத்தி வைக்கலாம் என்றும் சொன்னது. "மந்திரி திருத்துகிற தீர்ப்பு எப்படித் தீர்ப்பாகும்?" என்று நீதிபதிகள் ஆட்சேபித்தார்கள். அன்று தொடங்கிய தகராறு இருநூறு வருஷம் ஓய்ந்தபாடில்லை.

ஏமாற்றும் வக்கீல்களிடமிருந்து சிப்பாயைக் காக்கவேண்டும் என்று 1864-இல் ஒரு விதி செய்தார்கள்: வழக்குக்குப் பத்து டாலருக்கு மேல் கூலி வாங்கக்கூடாது. நல்ல எண்ணந்தான். ஆனால் பத்து டாலர் பத்து டாலராகவே நின்றது, காலம் நிற்கவில்லை. 1985-இல்கூட உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றே சொல்லிற்று. இதற்கிடையே 1933-இல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் செலவைக் குறைக்கச் சட்டம் வந்தது. அப்பீல் கேட்க ஒரு போர்டும் வந்தது. போர்டு சொன்னதே கடைசி வார்த்தை. அதற்கு மேல் கோர்ட்டு வாசலை மிதிக்க முடியாது. ஐம்பத்தைந்து வருஷம் இப்படி! 1988-இல்தான் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் பழைய சிப்பாய்களுக்கென்று தனிக் கோர்ட்டு ஒன்றை அமைத்தது. வக்கீல் கூலிக் கட்டையும் தளர்த்தியது.

அந்தக் கோர்ட்டின் தொடக்க காலத் தீர்ப்புகளில் மிகவும் புகழ் பெற்றது 1990-இல் வந்தது. அது ஒரு முதுகு வழக்கு என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் வேலை செய்த ஒருவர், தம் முதுகுக் கோளாறு அங்கே வந்ததுதான் என்று கேட்டிருந்தார். போர்டு மறுத்துவிட்டது. இப்படிப்பட்ட மனுவில் மூன்றைக் காட்டவேண்டும்: இன்று நோய் இருக்கிறது, அன்று பட்டாளத்தில் ஏதோ நேர்ந்தது, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. முதுகுக்காரன் தடுக்கி விழுவது மூன்றாவதில்தான். இருபது வயதில் வீடு திரும்பும் அவசரத்தில், "உடம்புக்கு ஒன்றுமில்லை, டாக்டர்" என்று சொல்லியிருப்பான். அறுபது வயதில் அந்த ஒரு வரி அவனுக்கு எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கும்.

கோர்ட்டு என்ன சொன்னது தெரியுமா? இரு பக்கமும் சாட்சியம் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே. தெருவில் பந்தாடும் பையன்களின் விதியை நீதிபதிகள் உவமை காட்டினார்கள்: பந்தும் ஓடுகிறவனும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால் ஓடினவன் பக்கமே தீர்ப்பு. போர்டு மறுப்பதானால் காரணத்தை விளக்கி எழுதவேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள்.

இன்னொரு வழக்கு என்னைத் தூங்கவிடவில்லை. வியட்நாமில் முதுகு கெட்டுத் திரும்பிய மரீன் படை வீரர் ஒருவர், வேலை செய்யவே முடியாது என்று முழு உதவி கேட்டார், கிடைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது, அவருடைய கட்டில் இருந்த டாக்டர் குறிப்பு அசலோடு ஒத்துப்போகவில்லை என்று. யாரோ சில சொற்களைச் சேர்த்திருந்தார்கள். அந்தச் சில சொற்களால், அவர் வேறு ஏதாவது வேலை பார்க்கக்கூடியவர் என்று ஆகிவிட்டது! 2009-இல் மேல் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு இது: சட்டப்படி தகுதி உள்ளவனுக்கு இந்தப் பணம் தருமம் அல்ல, அவன் சொத்து, நேர்மையான விசாரணை இல்லாமல் அதை மறுக்க முடியாது.

சொற்களை நம்ப முடியாது என்றால் எண்களை நம்பலாமா? 2003-இல் வந்த அட்டவணைப்படி முதுகைக் கோணமானியால் அளக்கிறார்கள். முன்பக்கம் 90 பாகை வளைந்தால் ஒழுங்கு. 60 பாகையைத் தாண்டாவிட்டால் நூற்றுக்கு 20 ஊனம். 30-ஐத் தாண்டாவிட்டால் 40. டாக்டர் அறையில் 65 பாகை குனிந்தவன், மறுநாள் செருப்பை மாட்டக் குனிய முடியாமல் தவிக்கிறானே, அவனை என்ன செய்வது? வலியினால் இயக்கம் குன்றுவதையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று 1995-இலேயே அந்தத் தனிக் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அளவுகோல் ஒரு கணத்தைத்தான் அளக்கும். வலி வருஷக்கணக்கில் குடியிருக்கிறது.

2019 முதல் மறுக்கப்பட்டவனுக்கு மூன்று வழிகள்: புதுச் சாட்சியம் கொடுக்கலாம், அதே காகிதங்களை மூத்த உத்தியோகஸ்தர் பார்க்கக் கேட்கலாம், போர்டுக்கே போகலாம். ஒரு வருஷத்துக்குள் போனால், முதல் மனுக் கொடுத்த நாளின் பலன் கைவிட்டுப் போகாது. எதிர்ச்சாட்சியாக நின்ற அந்தப் பழைய வரிக்கு, உடன் இருந்த தோழனின் கடிதமும், மனைவி கண்டதைச் சொல்லும் காகிதமும் பதில் சொல்லலாம்.

நாலாம் நாள் மெள்ள எழுந்து திண்ணைக்கு வந்தேன். "உண்மையாகவே வலித்ததா?" என்று கேட்டாள் மனைவி. வீட்டு அப்பீலில் என்னிடம் தஸ்தாவேஜு ஏதும் இல்லை. அவள் என் முகத்தைச் சற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் நாற்காலிக்கு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தாள். சந்தேகத்தின் பலன் எனக்குக் கிடைத்துவிட்டது. அந்தச் சிப்பாய்கள் இருநூறு வருஷமாகக் கேட்டதும் அவ்வளவுதான்.