ஜீப் ஊழல் வழக்கு (1948)

ஜீப் ஊழல் வழக்கு என்பது, பழுதுபார்க்கப்பட்ட பழைய ராணுவ ஜீப்புகளை வாங்குவதற்காக 1948-இல் லண்டனில் செய்யப்பட்ட ஒப்பந்தம் பற்றியதாகும். விடுதலைக்குப் பின் இந்தியாவில் எழுந்த முதல் பெரிய ஊழல் குற்றச்சாட்டாக இது குறிப்பிடப்படுகிறது.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ், ஃபோர்டு ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வதால் இவை மணலிலும் சேற்றிலும் மலைப்பாதையிலும் ஓடின. போர் முடிந்ததும் மிஞ்சிய வண்டிகள் பல நாடுகளில் விற்பனைக்கு வந்தன. 1947 அக்டோபரில் காஷ்மீரில் போர் மூண்டபோது, இந்திய ராணுவத்துக்கு ஜீப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன.

ஒப்பந்தம்

அப்போது லண்டனில் இந்தியத் தூதராக இருந்தவர் வி. கே. கிருஷ்ண மேனன். அவர் வழக்கமான நடைமுறைகளைப் பின்பற்றாமல் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார் என்பது குற்றச்சாட்டு. வண்டிகள் இந்தியா வந்து சேரும் முன்பே, பரிசோதனைச் சான்றின் பேரில் விலையின் பெரும்பகுதி தரப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. வந்து சேர்ந்த 155 ஜீப்புகள் சென்னையில் இறங்கின. அவை பயன்படுத்தத் தகுதியற்றவை எனத் தெரியவந்தது.

அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. ஆயினும் 1955 செப்டம்பரில் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த், விவகாரம் முடிந்துவிட்டதாக அறிவித்தார். மேனன் 1957-இல் பாதுகாப்பு அமைச்சரானார்.

இன்றைய விற்பனை

அன்று கழித்துக்கட்டப்பட்ட அதே வகை ஜீப்புகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர். 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும் பெரிய மாற்றம் செய்யப்படாததுமான வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். விற்கவும் வாங்கவும் செய்யலாம். வணிகத்துக்கோ அன்றாடப் போக்குவரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது.

வாங்குபவர் இன்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் பதிவுச் சான்றிதழோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. போர்க்கால ஃபோர்டு ஜீப்பின் பல பாகங்களில் அந்நிறுவனத்தின் ‘எஃப்’ எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். அசல் பாகங்களை அடையாளம் காண அது உதவும். பழவேற்காடு போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் நின்ற வண்டியாயின், சேஸியின் அடிப்புறத்தைப் பார்ப்பது மிக அவசியம். புதிய பெயிண்ட் துருவை மறைத்துவிடும்.

சென்னையில் இறங்கிய 155 ஜீப்புகள் உணர்த்தும் பாடமும் இதுவே: பழைய வண்டியின் தரத்தைச் சான்றிதழை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், நேரில் சோதித்த பின்பே பணம் தர வேண்டும்.