கொல்லன் சொல்லும் மன்னன் வீழ்ச்சியும்

தேனி மாவட்டத்தின் மேற்கெல்லையில், கம்பம் பள்ளத்தாக்கிற்கு மேலுள்ள மலைமுகட்டில், மங்கலதேவி கண்ணகி கோயில் சிதைந்த நிலையில் நிற்கிறது. ஆண்டுக்கொருமுறை, சித்திரைப் பௌர்ணமியன்று, கூடலூரை அடுத்த பளியங்குடியிலிருந்து மக்கள் காட்டுவழியே மலையேறிச் சென்று வழிபடுகின்றனர். மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரையோடு மேற்கே நடந்து, பதினான்காம் நாளில் கோவலனுடன் விண்ணுலகு சென்ற குன்றம் இதுவே என்பது இப்பகுதியினரின் நம்பிக்கை. பேராசிரியர் சி. கோவிந்தராசனாரும் 1963இல் இவ்விடத்தையே சிலப்பதிகாரம் கூறும் குன்றமென அடையாளம் காட்டினார்.

மலையேறுவோர் கண்ணகியை நினைந்தே ஏறுகின்றனர். அவளை அம்மலைக்குச் செலுத்திய பாண்டியன் நெடுஞ்செழியனின் வீழ்ச்சியும் தனியே ஆராயத்தக்கதாகும்.

துன்பியல் நாடகத்தின் தலைவன் கொடியவனாகவும் இருத்தலாகாது, குறையே இல்லாதவனாகவும் இருத்தலாகாது. தன் தவறொன்றினால் வீழ்பவனாக இருத்தல் வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. நாடகக் காப்பியமெனப் போற்றப்படும் சிலம்பில் இவ்விலக்கணத்திற்குப் பொருந்தி நிற்பவன் இப்பாண்டியனே. குறைதீர்க்க வேண்டி அடிக்கப்படும் மணியின் ஓசையையே அவன் கேட்டறியான் என மதுரையின் காவல் தெய்வம் கண்ணகியிடம் சான்று பகர்கிறது. அத்தகையவன் எவ்வாறு வீழ்ந்தான்?

அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். விற்பதற்கெனக் கோவலன் கொணர்ந்த சிலம்பைக் கண்டதும் தன் பழியை அவன்மேல் ஏற்றத் துணிந்தான். அதற்கு அவன் தேர்ந்த வேளை கருதத்தக்கது. ஆடல் மகளிரை மன்னன் கண்டு மகிழ்ந்ததனால் ஊடிய அரசி, தலைநோயெனக் கூறி அந்தப்புரம் சென்றாள். அவள் ஊடலைத் தணிக்க மன்னன் விரைந்துகொண்டிருந்தான். அவ்வேளையில் கொல்லன் அவன் அடியில் வீழ்ந்து, கள்வன் சிலம்புடன் தன் குடிலில் இருக்கிறான் என்றான். மன்னன் ஆராயவில்லை, சிலம்பு அவன் கையிலிருப்பின் கொன்று கொணர்க எனக் காவலர்க்குக் கட்டளையிட்டான். கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லையெனத் தயங்கினர். கொல்லனோ களவு நூலின் நுட்பங்களை விரித்துரைத்து அவர்களை மயக்கினான். இறுதியில், குடிவெறியிலிருந்த கல்லாத காவலன் ஒருவன் வாளை வீசினான்.

ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவும் இவ்வாறே வீழ்கிறான். இயாகோவுக்கு ஒரு கைக்குட்டை போதுமானதாயிற்று. கொல்லனுக்கு ஒரு சிலம்பு. இருவரும் புதிய குறையொன்றையும் தலைவனிடத்தில் உண்டாக்கவில்லை. ஒத்தெல்லோவின் ஐயத்தையும் பாண்டியனின் அவசரத்தையும் அறிந்து பயன்படுத்தினர். சூழ்ச்சி வெளியிலிருந்து வருகிறது. அதற்குக் கதவைத் திறப்பது உள்ளிருக்கும் குறையே.

கண்ணகி சிலம்பை உடைக்க, அரசியின் சிலம்பிலிருந்த முத்துகளுக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது. அப்போது மன்னன் பழியைக் கொல்லன் தலையில் போட்டுத் தப்பவில்லை. அவன் சொல்லைக் கேட்ட தானே கள்வன் எனத் தன்மேல் தீர்ப்புரைத்து, அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் நீத்தான். கோப்பெருந்தேவியும் உடன் மாண்டாள். வளைந்த செங்கோலை அவன் உயிர் நிமிர்த்தியது எனச் சேரன் செங்குட்டுவன் பின்னர் அதனை மதிப்பிடுகிறான். அவன் துன்பியல் தலைவனாக உயர்வது இவ்விடத்திலேயே.

எனினும் கதை இத்துடன் முடியவில்லை. அவனுக்குப்பின் வந்த வெற்றிவேற்செழியன், பத்தினியின் சினம் தணிய, ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் எனக் காப்பியம் கூறுகிறது. முன்னவன் தன் குற்றத்தைத் தானே ஏற்றான்; பின்னவனோ ஒருவன் குற்றத்தை ஒரு குலத்தின்மேல் சுமத்தினான். ஆராயாது கொன்ற பிழைக்குப் பரிகாரமாக மீண்டும் ஆராயாத கொலையே நிகழ்ந்தது. சூழ்ச்சிக்காரனை மட்டுமே பழிப்பவர் இறுதியில் எங்குச் சென்று சேர்வர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை யேசபேலின் சூழ்ச்சியால் பெற்ற ஆகாப், அவள் செய்ததென்று கூறித் தப்ப இயலவில்லை (1 இராஜாக்கள் 21). நமது சபைகளிலும் செவிவழி வரும் குற்றச்சாட்டுகள் குறைவல்ல. அவை வரும் வேளையையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. கோள் சொல்பவன் என்றும் இருப்பான். கேட்பவன் ஒரு நாழிகை பொறுத்து, குற்றஞ்சாட்டப்பட்டவனை நேரில் அழைத்து விசாரித்திருப்பின் மதுரை எரிந்திராது. பொறுக்கத் தவறியபோது, தவறினேன் என ஒப்புக்கொள்ளும் துணிவேனும் வேண்டும். அத்துணிவு நெடுஞ்செழியனிடம் இருந்தது.